பூச்சியத்துக்குப் பின்னால்

கணிதத்திலே பூச்சியம் நேர்மையானதோர் எண். ஒன்றுமில்லை என்று அது சொன்னால் ஒன்றுமில்லைதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்க்குக் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் இதனைத் துணிந்து சொல்வேன். ஆனால், அலுவலகப் பதிவேடுகளில் எழுதப்படும் பூச்சியம் வேறு சாதியைச் சேர்ந்தது. அங்கே அது 'நடக்கவில்லை' என்று பொருள்படலாம். 'நடந்தது, எவரும் சொல்லவில்லை' என்றும் பொருள்படலாம். 'சொன்னார்கள், நாம் எழுதவில்லை' என்றும் பொருள்படலாம். மூன்றுக்கும் ஒரே வட்டந்தான். எந்த வட்டம் எதனைக் குறிக்கிறது என்று அறிய வேண்டுமானால், எண்ணியவர் யார், அந்த எண்ணிக்கையால் அவருக்கு வரும் இலாப நட்டம் யாது என்று கேட்டேயாக வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு வீரர்கள் மீது பாலியல் வன்முறை முறைப்பாடுகள் எழும்போது என்ன நடக்கின்றது என்பதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். "தொலைதேசத்துச் சங்கதி நமக்கெதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். நம்மவரின் பிள்ளைகள் ஆண்டுதோறும் அப்பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் செல்கின்றனர் என்பது ஒரு காரணம். ஒரு ஸ்தாபனம் தன் பெயரையும் வருவாயையும் காப்பதற்காக ஒரு பெண்ணின் குரலை எவ்வாறு கேளாதொழிகின்றது என்பது எல்லாத் தேசத்தவரும் கற்க வேண்டிய பாடம் என்பது மற்றக் காரணம்.

ஓய்வு பெற்ற பின்னர் மகளின் குடும்பத்தோடு டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தேன். அங்கே இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை என்றால் அது கோயிற் திருவிழாவுக்குச் சமம். காலையிலேயே தெருவெல்லாம் ஒரே நிறச் சட்டைகள். பல்கலைக்கழக அணிகள் மோதும் உதைபந்தாட்டந்தான் அத்திருவிழா. அவர்கள் உதைபந்தாட்டம் என்பது நாமறிந்த உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனைப் பாய்ந்து வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. றக்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். மருமகன் ஒருநாள் என்னையும் அழைத்துச் சென்றார். அந்த இளைஞரின் வேகமும், வீழ்ந்தவனைத் தூக்கிவிட நீண்ட கைகளும் என்னைக் கவர்ந்தன. விளையாட்டை வெறுப்பவனின் கட்டுரையன்று இது. ஆயினும், அம்மைதானத்தில் அமர்ந்திருந்தபோது ஒன்று புலப்பட்டது. நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், பழைய மாணவரின் நன்கொடை, நகரத்து விடுதிக்காரரின் வருமானம் ஆகிய அனைத்தும் இருபது வயது இளைஞர் சிலரின் தோள்களிற் தங்கியுள்ளன. அந்தத் தோளொன்றின் மீது ஒரு பெண் குற்றம் சாட்டினால், அவள் எதிர்கொள்வது ஒருவனையா, ஒரு நகரத்தையா?

என் பேர்த்தி பாடசாலையில் 800 மீற்றர் ஓடுபவள். விளையாட்டுப் புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகம் புக வேண்டும் என்பது அவள் விருப்பம். தான் விண்ணப்பிக்க எண்ணிய ஐந்து இடங்களின் பாதுகாப்பு அறிக்கைகளை அச்சிட்டு வைத்திருந்தாள். ஒருநாள் மாலை, "அம்மப்பா, இந்தக் கணக்கை ஒருக்காப் பாருங்கோ. இதிலை பூச்சியம் கூடின இடந்தானே நல்ல இடம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயமிருந்தது. திருட்டுக் குறைந்த ஊரை நல்ல ஊர் என்றுதானே சொல்கிறோம்?

அந்த அறிக்கைகளுக்கு ஒரு துயரமான பிறப்பு உண்டு. 1986ஆம் ஆண்டு ஏப்பிரலில், பென்சில்வேனியாவிலுள்ள லீஹை பல்கலைக்கழகத்தின் விடுதியறையில், ஜீன் கிளெரி என்ற பத்தொன்பது வயது மாணவி சக மாணவன் ஒருவனாற் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தப்பட்டுக் கொலையுண்டாள். வளாகத்தில் நடக்கும் குற்றங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்று அவளுடைய பெற்றோர் போராடினர். 1990இல் அவ்வாறே சட்டம் பிறந்தது. இன்று அது அவள் பெயராலேயே வழங்குகின்றது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் முதலாந் திகதிக்குள், முந்திய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கைப் பல்கலைக்கழகம் பகிரங்கப்படுத்த வேண்டும்.

நோக்கம் உயர்ந்தது. ஆனால், கணக்கை எழுதுபவர் பல்கலைக்கழகத்தாரே. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் 2016ஆம் ஆண்டுக்கான கணக்குகளை ஆராய்ந்தபோது, 89 சதவீதமான கல்லூரிகள் வன்புணர்ச்சி என்ற கட்டத்திற் பூச்சியமே இட்டிருந்தன. அவற்றுள் விடுதிகளற்ற சிறு கல்லூரிகளும் உண்டு என்பது மெய்யே. அதற்கெதிராக இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். 2019இல் 33 பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியரிடம் நேரடியாகக் கேட்டறிந்தனர். பலவந்தத்தினாலோ, சம்மதந் தெரிவிக்க இயலாத நிலையிலோ தம் விருப்பத்துக்கு மாறான பாலியற் தொடுகைக்கு ஆளானதாகச் சொன்ன இளங்கலை மாணவியர் 25.9 சதவீதம். இரண்டாவது கணக்கு வன்புணர்ச்சியை மாத்திரம் எண்ணவில்லை. ஆதலால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆயினும் நால்வரில் ஒருத்தி என்பதற்கும் பூச்சியம் என்பதற்குமிடையே ஒரு பெரும் மௌனம் கிடக்கின்றது என்பதை மறுக்கவும் முடியாது.

அந்த மௌனம் எவ்வாறு உற்பத்தியாகின்றது என்பதை விளக்க டெக்ஸாஸிலேயே ஓர் உதாரணம் உண்டு. வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகம் 1845இல் தொடங்கப்பட்டது. பப்டிஸ்ற் திருச்சபையைச் சார்ந்தது. மதுவையும் திருமணத்துக்குப் புறம்பான உறவையும் கண்டிக்கும் ஒழுக்க விதிகளைக் கொண்டது. நெடுங்காலம் தோல்விகளையே கண்ட அதன் உதைபந்தாட்ட அணி, 2008இல் ஆர்ட் பிரைல்ஸ் தலைமைப் பயிற்றுநரான பின்னர் ஏற்றங் கண்டது. 2013இற் பிராந்தியக் கிண்ணம் கிடைத்தது. 2014 ஆகஸ்டில், பிராசஸ் ஆற்றங்கரையில், 266 மில்லியன் டொலர் செலவில், 45,000 பேர் அமரக்கூடிய புதிய மைதானம் திறக்கப்பட்டது.

2008 தொடக்கம் 2011 வரை அப்பல்கலைக்கழகம் அரசுக்கு அனுப்பிய கணக்கிற் பாலியல் வன்முறை பூச்சியம்.

அடுத்து வந்தவற்றைப் பாருங்கள். 2014 ஜனவரியில், அணியின் முன்னாள் வீரர் ஒருவருக்குப் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2015 ஆகஸ்டில் வேறொரு வீரரின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்த முறைப்பாட்டைப் பல்கலைக்கழகம் முன்னரே தானாக விசாரித்து, நடவடிக்கைக்கு இடமில்லை என்று முடித்துவைத்திருந்த செய்தி அப்பொழுது அம்பலமாயிற்று. கண்டனம் வலுக்கவே, பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு சட்டத்தரணிகள் நிறுவனத்திடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. 2016 மே மாதம் பதின்மூன்று பக்கச் சுருக்கம் வெளிவந்தது. சில சந்தர்ப்பங்களில் விளையாட்டுத் துறையினர், பல வீரர்கள் சேர்ந்து செய்ததாகக் கூறப்பட்ட வன்முறை உட்பட, தமக்கு வந்த முறைப்பாடுகளைத் துறைக்கு வெளியேயுள்ள உரிய அதிகாரியிடம் தெரிவிப்பதில்லை என்று தாமாகவே தீர்மானித்திருந்தனர். நிர்வாகிகள் சிலர் பெண்களை முறையிடாதவாறு நேரடியாக அதைரியப்படுத்தியிருந்தனர். ஒரு சந்தர்ப்பத்தில் முறையிட்டவளையே பழிவாங்கியிருந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில், 2011 முதல் 17 பெண்கள் 19 வீரர்கள் மீது பாலியல் அல்லது குடும்ப வன்முறை முறைப்பாடுகளைச் செய்திருந்தனர் என்று பல்கலைக்கழக ஆளுநர் சபையினரே பத்திரிகைக்குச் சொல்ல நேர்ந்தது.

இனி இந்த இயந்திரத்தின் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிப் பார்ப்போம்.

முதலாவது உறுப்பு, முறைப்பாடு செல்லும் வழி. பாதிக்கப்பட்டவளோ, அவளுடைய தாயோ, தோழியோ முதலிற் பயிற்றுநரிடம் சொல்கிறார்கள். அவ்வீரனைக் கட்டுப்படுத்தக்கூடியவர் அவரே என்று நம்புகிறார்கள். ஆனால் பயிற்றுநரின் ஊதியமும் பதவியும் அடுத்த சனிக்கிழமை வெற்றியிற் தங்கியுள்ளன. நீதிபதியின் ஆசனத்தில் வழக்காளியை அமர்த்துவது அநீதி என்பது பாமரரும் அறிந்த நியாயம். இங்கே அமர்த்தப்பட்டவர் எதிரியின் எசமானர்.

இரண்டாவது, உரிய அதிகாரி இல்லாமை. பால் வேறுபாட்டால் எவரும் கல்வியில் ஒதுக்கப்படலாகாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்டது. பாலியல் வன்முறை முறைப்பாடுகளை விரைந்து விசாரிப்பதும் அச்சட்டத்தின் கடமைகளுள் ஒன்று என்று 2011 ஏப்பிரலில் மத்திய அரசு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதிற்று. பேய்லர் இதற்கென்று முழுநேர அலுவலர் ஒருவரை நியமித்தது 2014 நவம்பரிலேயே. ஆற்றங்கரையில் மாபெரும் மைதானத்தை எழுப்ப முடிந்த ஸ்தாபனத்துக்கு, ஒரு பெண் வந்து அமர்ந்து பேச ஓர் அறையும் ஒரு கதிரையும் ஒதுக்க மூன்றரை ஆண்டு சென்றது.

மூன்றாவது, ஒழுக்கத்தின் பெயராலான அச்சம். "நீ மது அருந்தியிருந்தாயா? அந்நேரத்தில் அங்கே ஏன் போனாய்?" என்ற கேள்விகளுக்கு அஞ்சி எத்தனை பெண்கள் வாய் திறவாதிருந்திருப்பார்கள்? முறையிட வந்தவள் தானே ஒழுக்க விதியை மீறியவளாக நிற்க வேண்டியிருக்கும் என்றால், எவள் வருவாள்? அமெரிக்கரைக் குறை சொல்லுமுன் நம் மொழியையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். இக்குற்றத்துக்கு நாம் நெடுநாள் வழங்கிவந்த சொல் 'கற்பழிப்பு'. செய்தவன் ஏதோ செய்தான். அழிந்ததோ அவளுடைய கற்பு! குற்றவாளியின் செயலைச் சொல்லாமற் பாதிக்கப்பட்டவளின் இழப்பைச் சொல்லும் சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பெண் ஏன் மௌனமாயிருக்கிறாள் என்று நாம் வியக்க வேண்டியதில்லை.

நான்காவது, எழுத்தைத் தவிர்த்தல். பேய்லர் விசாரணையின் முழு அறிக்கை எழுதப்படவேயில்லை. கண்டவற்றை ஆளுநர் சபைக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள். வெளியுலகு பெற்றது அந்தப் பதின்மூன்று பக்கங்களை மாத்திரமே. அப்பொழுது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் கென் ஸ்டார். ஜனாதிபதி கிளின்ரனின் அந்தரங்க உறவு பற்றி 1998இல் நானூறுக்கு மேற்பட்ட பக்கங்களில் அறிக்கை எழுதி உலகறியச் செய்தவர் அவர். அதிகாரத்துக்கு வேண்டியபோது பக்கங்கள் பெருகுகின்றன. வேண்டாதபோது வாய்மொழி போதுமாகின்றது.

தலைமைப் பயிற்றுநர் பதவி நீக்கப்பட்டார். தலைவரும் பதவியிழந்தார். ஆனால் கணக்குப் படிப்பித்தவனின் கண் எண்களிலேயே நிற்கும். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்காகப் பயிற்றுநருக்கு வழங்கப்பட்டது 15 மில்லியன் டொலருக்கு மேல். கிளெரி சட்டத்தை மீறியமைக்காக 2020இல் மத்திய அரசு பல்கலைக்கழகத்துக்கு விதித்த அபராதம் 4 இலட்சத்து 60 ஆயிரம் டொலரளவு. முன்னாள் மாணவி ஒருவரின் வழக்கிற் பல்கலைக்கழகம் அலட்சியம் காட்டியது என்று 2023 ஒக்டோபரில் ஜூரிமார் கண்டு விதித்த நட்டஈடு 2 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். இம்மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எது இலாபம், எது நட்டம் என்பதை அடுத்து வரும் நிர்வாகி தானே கற்றுக்கொள்வார்.

கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் ஐந்தாண்டு கழித்து, 2021 ஆகஸ்டிலே தன் தீர்ப்பைச் சொல்லிற்று. முறைப்பாடுகளைக் கேளாமை வளாகம் முழுவதற்கும் பொதுவாயிருந்தது. ஆகவே வீரர்களுக்கென்று விசேட சலுகை வழங்கப்பட்டதாகக் கொள்ள முடியாது. ஆகவே இவ்விடயத்தில் விளையாட்டு விதி மீறப்படவில்லை! எல்லாருக்கும் அநீதி செய்தால் அது விதிமீறல் ஆகாது என்பதே இதன் சாரம்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். அந்த மைதானங்களில் ஓடும் இளைஞருட் பலர் கறுப்பினத்தவர். 1931இல் அலபாமாவின் ஸ்கொட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர் மீது சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டை முற்போக்காளர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் நியாயமான விசாரணை வேண்டும். சான்றுகளைப் பார்க்கவும் பதில் கூறவும் அவனுக்கு உரிமை வேண்டும். இரகசியமும் இழுத்தடிப்பும் அவனுக்கும் பாதுகாப்பல்ல. முறையாக எழுதப்பட்டு, பக்கஞ் சாராதவராற் கேட்கப்படும் விசாரணையே உண்மையில் குற்றமற்றவனை விடுவிக்கும், குற்றவாளியை வெளிப்படுத்தும். விளையாட்டுத் துறையின் கதவுக்குள் முடிந்துபோகும் விவகாரம் இரண்டையும் செய்யாது.

இதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 2016 டிசம்பரில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் ஒரு முறைப்பாட்டின் விசாரணையையடுத்துப் பத்து வீரர்களை அணியிலிருந்து இடைநிறுத்திற்று. வழக்குத் தொடுநர் ஏற்கெனவே வழக்கில்லை என்று சொல்லியிருந்தமையால், இது அநீதி என்று கொதித்த சக வீரர்கள் ஆட்டத்தைப் பகிஷ்கரிப்பதாக அறிவித்தனர். பயிற்றுநர் அவர்களைப் பாராட்டினார். அடுத்த நாள், எண்பது பக்கங்கொண்ட விசாரணை அறிக்கை வெளியாயிற்று. அந்தப் பெண் சொன்னவை முதன்முறையாகப் பலரின் கண்களுக்குப் பட்டன. பகிஷ்கரிப்பு அறிவிக்கப்பட்ட இரண்டே நாட்களிற் கைவிடப்பட்டது. பின்னர் நடந்த மேல் விசாரணையிற் சில வீரர்கள் நீக்கப்பட்டனர். சிலர் குற்றமற்றவராகக் காணப்பட்டனர். அந்த இளைஞரை நான் இகழ மாட்டேன். தோழனுக்காக நிற்க அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது, நின்றார்கள். மறுபக்கம் எழுத்தில் வந்தபோது நிலையை மாற்றினார்கள். எழுதப்பட்ட உண்மைக்கு இவ்வளவு வலிமையுண்டு என்பதனாலேயே ஸ்தாபனங்கள் அதனை எழுத அஞ்சுகின்றன போலும்.

சட்டமோ ஆட்சிக்கு ஆட்சி ஊசலாடுகின்றது. 2020இல் ஓர் ஆட்சி விசாரணை விதிகளை மாற்றிற்று. 2024இல் மற்றோர் ஆட்சி மீண்டும் மாற்றிற்று. 2025 ஜனவரியில் நீதிமன்றம் புதியவற்றை இரத்துச் செய்ய, பழையவை திரும்பின. இதற்கிடையே 2025 ஜூனில் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத்தின்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதலாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை. உழைப்பவனுக்கு ஊதியம் கிடைப்பதை நாம் வரவேற்கவே வேண்டும். ஆனால், முதலீடு செய்த பொருளை இழக்க எந்த முதலாளியும் விரும்புவதில்லை. வீரனின் விலை ஏற ஏற, அவன் மீதான முறைப்பாட்டைக் கேளாதிருப்பதற்கான தூண்டுதலும் ஏறும். ஆகவே, கேட்பவர் வேறு, இலாபம் பெறுபவர் வேறு என்ற பிரிவினை முன்னெப்போதையும்விட இன்று அவசியமாகின்றது.

பேர்த்திக்கு நான் சொன்னதும் இதுவே. "பிள்ளை, பூச்சியத்தைப் பார்த்து இடத்தைத் தெரியாதை. நாலு கேள்வியை எழுதி அனுப்பு" என்றேன். முறைப்பாட்டை வாங்குபவர் யார்? அவர் விளையாட்டுத் துறைக்குக் கீழ்ப்பட்டவரா? முறையிடுபவள் வேறு விதியை மீறியிருந்தால் அவள் தண்டிக்கப்படுவாளா? பயிற்றுநர் ஒருவருக்குச் செய்தி தெரியவந்தால், எவ்வளவு காலத்துக்குள் அவர் வெளியே அறிவிக்க வேண்டும்? ஐந்து இடங்களுக்கும் அவள் எழுதினாள். இரண்டு இடங்களிலிருந்து விவரமான பதில் வந்தது. மற்ற மூன்றும் வண்ணப்படங்கள் நிறைந்த கைநூல்களை அனுப்பிவைத்தன.

நம் நாட்டிலும் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பாலியல் தொல்லையும் அதில் அடங்கும். சட்டப்புத்தகத்தில் அது கடுமையானதே. ஆனால், முறையிட வரும் மாணவி யாருடைய கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது, அக்கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி வேக்கோவில் எழுவதைப் போலவே இங்கும் எழுகின்றது.

ஒரு பல்கலைக்கழகத்தில் முறைப்பாடுகளின் தொகை முன்னைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்ற செய்தி வரும்போது, அவ்விடம் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அங்கே பெண்கள் பேசத் தொடங்கியிருக்கலாம். யாரோ ஒருவர் எழுதத் தொடங்கியிருக்கலாம். ஆயிரக்கணக்கான இளைஞர் வாழும் வளாகமொன்று ஆண்டுக்காண்டு பூச்சியத்தையே காட்டுமானால், அவ்வேளைதான் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் அஞ்ச வேண்டும். அந்த எண்ணை எழுதியவர் யார் என்று விடாது கேட்க வேண்டும்.